அடுத்த வாரம் விடுமுறை: பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?



வரும் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தவுடன் ஒரு வார விடுமுறை தொடங்குகிறது. வகுப்பின் புலனக் குழுவில் மூன்று நாள்களாகப் பெற்றோர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: “ஐயா, பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? அதிகம் செலவில்லாத இடமாகச் சொல்லுங்கள்.” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் பணியாற்றுவது செபராங் பிறையில்; ஒரு காலத்தில் தோட்டப் பள்ளியாக இருந்து, தோட்டம் போன பிறகு வீடமைப்புப் பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்ட தமிழ்ப்பள்ளி. ஆகவே நான் சொல்லும் வழிகள் கடலுக்கு இப்பக்கமிருந்து ஜார்ஜ் டவுனுக்குச் செல்வோருக்கானவை. தீவிலேயே குடியிருப்பவர்கள் படகுப் பயணத்தைத் தாண்டிப் படிக்கலாம், தாண்டாவிட்டால் மகிழ்வேன்.

சென்ற விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். வகுப்பில் 9 பேர். அவர்களுள் 7 பேரின் கட்டுரைகளில் பேரங்காடி இருந்தது. திரையரங்கு, பொரித்த கோழி, குளிரூட்டியின் இதமான காற்று. ஒரு மாணவி உறவினர் திருமணத்தைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருவன், “நான் எங்கும் செல்லவில்லை” என்று தொடங்கி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஓர் உடும்பைப் பார்த்ததை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதற்குத்தான் அதிகப் புள்ளிகள் கொடுத்தேன். பேரங்காடிக்குச் செல்வது குற்றமன்று. மழை நாளில் நானும் செல்கிறேன். ஆனால் அது எந்த ஊரில் இருந்தாலும் ஒரே பேரங்காடிதான்.

இந்த 9 பேருக்கும் தமிழ்ப்பள்ளியில் இதுவே கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு மூன்று இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து செல்வார்கள். அங்கே தமிழ் தானாக வந்து அமராது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அதுவும் நடைமுறைக்கு இயலுமானால், அப்பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்படும். 15 என்பது கேட்பதற்குச் சிறிய எண். பல தமிழ்ப்பள்ளிகளிலிருந்து சிதறி வரும் பிள்ளைகளை ஒரே பள்ளியில் அந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவரும்போதுதான் அதன் கனம் தெரியும். வகுப்பு கிடைத்தாலும் பல இடங்களில் அது வழக்கமான பாட நேரத்துக்கு வெளியே நடக்கிறது. நண்பர்கள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, பசித்த வயிற்றோடு அமர்ந்திருக்கும் 13 வயதுப் பிள்ளை, “இது எனக்கு எதற்கு?” என்று கேட்கத்தான் செய்யும். தாய்மொழி என்று நாம் சொல்லும் விடை உண்மையானதுதான். ஆனால் அந்த வயதில், அந்தப் பிற்பகலில், அது போதுவதில்லை.

எனக்குத் தெரிந்தவரையில் நம் பிள்ளைகளின் மனத்தில் தமிழுக்கு நான்கே இடங்கள்: பள்ளி, வீடு, கோயில், தொலைக்காட்சி. அதற்கு வெளியே இருக்கும் நகரம் வேறு யாருடையதோ என்றே எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற ஒரு வாரம் போதுமா என்றால், தொடங்குவதற்குப் போதும்.

முதலில் படகு. விடுமுறையின் சனி, ஞாயிறுகளைத் தவிர்த்துவிடுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை புறப்படுங்கள். மகிழுந்தைப் பட்டர்வொர்த்திலேயே நிறுத்திவிட்டு, பினாங்கு சென்ட்ரலிலிருந்து நடந்து சென்று ஏறலாம். நாம் சிறுவயதில் பார்த்த, மகிழுந்துகளை வயிற்றில் அடுக்கிக்கொண்டு ஆடி அசைந்து சென்ற பெரிய படகுகள் 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய படகுகள் ஓடுகின்றன. இவற்றில் மனிதர்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே செல்லலாம். வேகமானவை, குளிரூட்டப்பட்டவை. பழைய படகின் மேல்தளத்தில் முகத்தில் அடித்த உப்புக்காற்றுக்கு அவை ஈடாகா என்பது என் கருத்து. என் மாணவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

படகு நடுக்கடலுக்கு வந்ததும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, தீவின் கரையைக் காட்டுங்கள். 1985இல் பாலம் திறக்கப்படும் வரை இந்தக் கடலை எல்லாரும் நீர்வழியாகவே கடந்தார்கள். அதற்கும் முன், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய நம்மவர்கள் முதலில் கண்ட மலாயா இந்தக் கரைதான். 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பலின் பெயரை இன்றும் சொல்லும் பாட்டிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை நம் மக்களை ஏற்றியும் இறக்கியும் வந்தது. “உன் கொள்ளுத்தாத்தா இந்த மலையைத்தான் முதலில் பார்த்திருப்பார்” என்று சொல்லிப் பாருங்கள். கைப்பேசியிலிருந்து தலை உயரும்.

கரை இறங்கியதும் பிள்ளைகள் மணிக்கூண்டைக் கேட்பார்கள். விக்டோரியா அரசியாரின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரத்தில் கட்டப்பட்டது. ஆண்டுக்கு ஓர் அடி. சற்றே சாய்ந்திருக்கும். அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை. பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் இத்தீவைக் கைப்பற்றிக் கொடி ஏற்றிய இடம் இது என்பது வரலாற்றுப் பாடத்தில் வரும். நிபோங் மரக்கழிகளால் எழுப்பிய வேலிக்குப் பதிலாகப் பின்னாளில் செங்கற்சுவர் எழுந்தபோது, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் அதில் சேர்ந்தது. இது பாடத்தில் வருவதில்லை. பீரங்கியின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதற்கு முன் இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் இங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை, வெயில் ஏறும்.

நான் உண்மையில் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் பர்குவார் சாலை. சுற்றுலாக் கையேடுகளில் இங்கே செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் மட்டும் இருக்கும். 1818இல் எழுந்த அந்த வெண்ணிறக் கட்டடமும் பார்க்க வேண்டியதே. அதன் அருகில் மாநில அரும்பொருளகத்தின் பழைய கட்டடம் நிற்கிறது. அது ஒரு காலத்தில் பினாங்கு பிரீ ஸ்கூல். அப்பள்ளியை 1816இல் தொடங்கியவர் ஆங்கிலேயப் பாதிரியார் ஆர். எஸ். ஹட்சிங்ஸ். அந்தப் பள்ளியில், அந்த ஆண்டிலேயே, ஒரு தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டது. இந்நாட்டில் முறையான தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் கணக்கிடுவது அந்த வகுப்பைத்தான். அதனால்தான் 2016இல் நாடெங்கும் 200 ஆண்டு விழா எடுத்தோம். உங்கள் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள்.

அந்த முதல் வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் மாணவர்கள் முகம் சுருங்கும். “ஏன் ஐயா நின்றுபோனது?” என்று கேட்பார்கள். “வருவதற்குப் போதிய பிள்ளைகள் இல்லாவிட்டால் எந்த வகுப்பும் நிற்காது” என்பேன். மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நின்ற வகுப்பு வேறோர் இடத்தில், வேறொரு கூரையின்கீழ் மீண்டும் தொடங்கிற்று. தோட்டங்களில், கோயில் மண்டபங்களில், ரப்பர் ஆலையின் பக்கத்துக் கொட்டகையில் தொடங்கிற்று. நம் பள்ளியும் அப்படி வந்ததுதான்.

ஹட்சிங்ஸ் 1827இல் காலமானார். ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் உள்ள பழைய புரொடஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பிரான்சிஸ் லைட்டின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. கெம்போஜா மரங்களின் நிழலில் பாசி படர்ந்த கற்கள். விடுமுறையில் பிள்ளைகளைக் கல்லறைக்கா அழைத்துச் செல்வது என்று பாட்டிமார்கள் கடிந்துகொள்வார்கள். நான் இருமுறை மாணவர்களோடு சென்றிருக்கிறேன். பிள்ளைகள் அஞ்சவில்லை. கல்லில் செதுக்கிய ஆண்டுகளைக் கழித்துப் பார்த்து, இறந்தவர்களில் பலர் எவ்வளவு இளையவர்கள் என்று வியந்தார்கள். கணக்குப் பாடமும் நடந்துவிடுகிறது.

அங்கிருந்து திரும்பி, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் வழியாக நடக்க வேண்டும். முன்பு பிட் சாலை என்று பெயர். தேவாலயம், குவான் யின் கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றைச் சில நிமிட நடையில் கடந்துவிடலாம். நம் மாரியம்மன் கோயிலோ ஒரு தெரு தள்ளித்தான். இதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது சாலையின் பெயர்ப்பலகையைப் பற்றி.

சென்ற ஆண்டு இந்தப் பலகைக்குக் கீழே ஒரு மாணவன் நின்றுவிட்டான். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அருகில் சென்றபோது மெல்லக் கேட்டான்: “ஐயா, இந்தச் சொல்லால்தான் எங்கள் அடுக்குமாடித் திடலில் என்னைக் கூப்பிடுகிறார்கள். இதைப் போய் எப்படிச் சாலைக்கு வைத்தார்கள்?”

இந்தக் கேள்வி உங்கள் பிள்ளையிடமிருந்தும் வரும், ஆயத்தமாக இருங்கள். நான் அவனிடம் சொன்னதை எழுதுகிறேன். ‘கிளிங்’ என்பது கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல். கடல் கடந்து வணிகம் செய்ய வந்த தென்னிந்தியர்களை இப்பகுதி மக்கள் முற்காலத்தில் அவ்வாறு அழைத்தார்கள்; அப்போது அதில் இழிவு இல்லை. ‘கப்பித்தான்’ என்பது சமூகத் தலைவருக்கு அளித்த பட்டம். அந்தப் பட்டத்தைப் பெற்ற காதர் மொகிதீன் என்ற தென்னிந்திய முஸ்லிம் பெருமகனார் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் அது. ஆகவே பலகையில் இருப்பது ஒரு தலைவரின் பட்டப்பெயர். திடலில் அவன் கேட்பது, அதே ஒலியை வைத்துக்கொண்டு பின்னாளில் ஒருவரைச் சிறுமைப்படுத்தப் பழகிய நாக்கு. இரண்டும் ஒன்றல்ல. திடலில் அப்படி அழைப்பவனை அழைக்க விடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவன் சற்று நேரம் பலகையைப் பார்த்தான். பிறகு, “அவர் தமிழ் பேசியிருப்பாரா ஐயா?” என்றான். இந்தத் தெருக்களில் அக்காலத்தில் தமிழ் கேட்காத நாளே இருந்திருக்காது என்றேன். பக்கத்தில் ஓடும் சூலியா தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பதுதான். அத்தெருவில் உள்ள நாகூர் தர்காவை அவனுக்குக் காட்டினேன். நாகூர் எங்கே இருக்கிறது என்று அவனாகவே வரைபடத்தில் தேடினான்.

மதியத்துக்குள் லிட்டில் இந்தியா வந்துவிடுங்கள். லெபோ குவீனில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்துவதற்கு முன் செல்வது நல்லது. அதையடுத்த லெபோ பாசாரை நம் முன்னோர் கடைத்தெரு என்றார்கள். இங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வையுங்கள். ஆளுக்கு ஒரு சிறு குறிப்பேடு. மலாய்ப் பலகைகளில் தமிழிலிருந்து சென்ற சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘கெடாய்’ என்பது கடை. அது ஒவ்வோர் ஐந்தடிக்கும் ஒன்று கிடைக்கும் என்பதால் ஒருமுறைதான் புள்ளி. துறைமுகத்தில் பார்த்த ‘காப்பால்’ கப்பல். அறைகலன் கடையில் ‘காத்தில்’ கட்டில். ‘பெட்டி’ மலாயிலும் பெட்டிதான். ‘கோலாம்’ குளம். சென்ற முறை ஒரு மாணவி பலகைகளை விட்டுவிட்டு ஒரு மலாய்க்காரப் பாட்டியிடமே போய்க் கேட்டு, மூன்று சொற்களை வாங்கி வந்தாள். அந்தப் பாட்டிக்கும் அது புதுச் செய்தி. இருவரும் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. நாம் ‘பாசார்’ என்று சொல்வதையும் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கட்டும்.

வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சடியில் நடந்துகொள்ளலாம். கடைவீடுகளின் முன்னே ஐந்தடி அகலத்தில் ஓடும் இந்தக் கூரையிட்ட நடைபாதைக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் அது. இன்றைய பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியாது, கற்றுக்கொடுங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி இரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுவது இத்தெருவிலிருந்துதான்.

உணவைப் பற்றி அதிகம் எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். நாசி கண்டாரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தமிழ் முஸ்லிம்கள் தோளில் ஒரு கழியைத் தாங்கி, அதன் ஒரு முனையில் சோற்றுப்பானையையும் மறுமுனையில் கறிப்பானையையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்று வந்த உணவு இது. ‘கண்டார்’ என்பது அந்தத் தோள்கழியில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். நாம் காவடி என்போம். கேம்பல் சாலையில் உள்ள ஹமீதியா உணவகம் 1907 முதல் இருக்கிறது. மதிய வேளையில் வரிசை நீளும். பசியோடு இருக்கும் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், பதினொரு மணிக்கே போய்விடுங்கள். புலால் உண்ணாதவர்களுக்குக் கடைத்தெருப் பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு உண்டு.

இவ்வளவும் ஒரு நாளைக்கு. மறுநாளும் அலைந்தால் பிள்ளைகள் நம்மை வெறுத்துவிடுவார்கள். புதன்கிழமையை வீட்டிலேயே கழிக்கச் சொல்வேன். ஆனால் ஒரு வேலையோடு. பாட்டியையோ தாத்தாவையோ உட்கார வைத்து, எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், அந்தத் தோட்டம் இப்போது எதுவாகி நிற்கிறது, அவர்களுடைய பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். செபராங் பிறையில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தொழிற்சாலைகள் என்று ஒரே நிலம் நான்கு முறை ஆடை மாற்றியிருக்கிறது. பல இடங்களில் தோட்டத்துக் கோயில் மட்டும் மிஞ்சி நிற்கும். இந்தப் பயணத்துக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. ஆனால் பாட்டிமார்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த விடுமுறைக்கு என்று ஒத்திப்போடக் கூடாத ஒரே வேலை இது.

வார இறுதிக்குள் தண்ணீர்மலை. 2012இல் குடமுழுக்கு கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பக்கத்திலேயே 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்கா, கட்டணம் இல்லை. குரங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு விடுமுறை இல்லை.

கொடிமலைக்குப் போவதானால் மழைக்கு முன் காலையிலேயே செல்லுங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய மலை இரயில், 2011இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு நடுவழியில் மாறி ஏற வேண்டியதில்லாமல் நேரே உச்சிக்குச் செல்கிறது. மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. மைகாட், மைகிட் அட்டைகளை மறவாதீர்கள். ஆனாலும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறு செலவன்று. இந்த வாரம் இயலாவிட்டால் விட்டுவிடலாம். மலை எங்கும் போகாது. சென்றால், உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருப்பதைப் பாருங்கள். அங்கிருந்து கீழே நோக்கினால் கடலும் பாலமும் அப்பால் நம் செபராங் பிறையும் தெரியும். நம் பள்ளி எந்தப் பக்கம் இருக்கும் என்று பிள்ளைகள் சண்டையிட்டுக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை நானும் என் துணைவியாரும் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு முதலில் சொன்ன நடையை மேற்கொள்கிறோம். இதுவரை ஆறு குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற மூவரின் பெற்றோர் வேலை நாள் என்று தயங்குகிறார்கள். பிள்ளையை மட்டும் அனுப்பினாலும் போதும், மாலை ஐந்து மணிக்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். வேறு பள்ளிப் பிள்ளைகளும் வரலாம். காலை 8 மணிக்குப் பினாங்கு சென்ட்ரலில் கூடுவோம். தொப்பி, குடை, தண்ணீர்ப் புட்டி, குறிப்பேடு. நகருக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. கால் வலிப்பவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டுப் பெற்றோர் கொடுக்க வேண்டிய கடிதத்தின் மாதிரியையும் படியெடுத்துக்கொண்டு வருகிறேன். படகில் பத்து நிமிடத்துக்கு மேல் இருப்போம். கையொப்பமிட அந்த நேரம் போதும். பேனாவை மட்டும் கொண்டு வாருங்கள்.